பேட்ஜுக்கு ஆளைத் தெரியாது

பேட்டரி செத்துப்போன சர்வே மீட்டரின் முள் சுழியத்தில் நிற்கும். கதிர் இல்லாத இடத்திலும் அது சுழியத்தில்தான் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: மீட்டரை நம்பு, ஆனால் ஒவ்வொரு தடவையும் பேட்டரியைப் பார்த்துவிட்டு நம்பு.

மலேசியாவின் பாசிர் கூடாங் கப்பல் பட்டறைகளிலும் எண்ணெய்த் தொட்டிகளிலும் வெல்டிங் மூட்டுகளைக் காமா கதிரால் படம் பிடித்துப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. எல்லாரும் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் நாங்கள் எங்கள் ஊர் மாசாயிலிருந்து கிளம்புவோம். ஆட்கள் போன பிறகு கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, ‘காமிரா’ என்று நாங்கள் சொல்லும் கனத்த பெட்டியிலிருந்து கதிர் வீசும் இரிடியம்-192ஐக் கேபிளைச் சுழற்றி வெளியே தள்ளுவோம். அதன் வீரியம் 74 நாளில் பாதியாகும். படம் எடுத்த பிறகு பழையபடி உள்ளே இழுத்துப் பூட்ட வேண்டும். கையில் மீட்டர், நெஞ்சில் பேட்ஜ்.

பேட்ஜுக்குப் பேட்டரி கிடையாது. அது கத்தாது, விளக்கு எரியாது. கதிர் வந்தால் பதியும், அவ்வளவுதான். எழுதுவதற்கான சக்தியைக் கதிரே கொண்டுவருகிறது. எங்கள் ஆட்கள் அதற்குச் சித்திரகுப்தன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதலில் பிலிம் பேட்ஜ். பாங்கியில் இருக்கும் அணுசக்தி நிறுவனத்துக்குப் போய்க் கழுவப்பட்டு, பிறகு கணக்கு வரும். என் கடைசி வருடங்களில் வேலை பார்த்த இடத்தில் பிலிம் போய்ச் சில்லு வந்தது. அதன் உள்விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆக்சைடு படலத்துக்கு நடுவே, எந்தக் கம்பியோடும் சேராமல், ஒரு சிறு சிலிக்கான் துண்டு அடைபட்டுக் கிடக்கிறது. அதில் மின்னூட்டத்தை ஏற்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கசியாமல் நிற்கும். 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர் சொன்ன யோசனை. பென்டிரைவெல்லாம் அந்த வம்சம். பேட்ஜில் மட்டும் அந்தத் துண்டுக்கு மேலே ஒரு சிறு திறப்பு, திறப்புக்கு மேலே வாயு நிரம்பிய சிற்றறை. கதிர் நுழைந்தால் வாயு அயனிகளாகப் பிரியும். துண்டில் இருக்கும் மின்னூட்டமே அயனிகளைத் தன்பக்கம் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வரும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு டோஸ்.

எழுதுவது என்றால் சேர்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது கழித்து எழுதுகிறது. சேர்த்து எழுதும் சில்லும் உண்டு. ஆங்கிலேயர் ஆண்ட்ரூ ஹோம்ஸ்-சீட்ல் 1974இல் விவரித்த வகை அது. ஆக்சைடு படலத்துக்குள்ளேயே கதிர் மின்னூட்டத்தைச் சிக்கவைத்துக்கொண்டு போகும். செயற்கைக்கோள்களில் அதை வைக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். வினை எங்கே பதிகிறது, யார் பதிக்கிறார் என்ற பாடம் வந்தபோது, ஆசிரியர் மற்ற மதங்களின் கட்சிகளை வரிசையாக எடுத்து வைத்தார். சமணர் கட்சியில் வினை ஒரு நுண்பொருள். உயிரில் வந்து ஒட்டும், காலம் வந்தால் பழுத்து உதிரும், நடுவில் கடவுள் தேவையில்லை. மீமாம்சகர் கட்சியில் செய்த செயலே அபூர்வம் என்ற ஆற்றலை விட்டுச் செல்கிறது, பலனை அதுவே கொடுத்துவிடும். அங்கேயும் கடவுளுக்கு வேலையில்லை. இவர்களை அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் ஒவ்வொருவராக மறுக்கிறார். சித்தாந்திகளான மெய்கண்டார் மரபின் வாதம் சுருக்கமானது. வினை சடம். சடத்துக்குத் தன்னைச் செய்தவன் யார் என்று தெரியாது. எனவே அறிவுள்ள ஒருவன் அதை உரியவனிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

வகுப்பில் மற்றவர்களுக்கு இது புத்தக விஷயம். எனக்குத் தொழில் விஷயம். ஓவர்டைம் காசு போய்விடுமே என்று பேட்ஜைக் கழற்றி லாரி டிராயரில் போட்டுவிட்டு வேலைக்கு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். டோஸ் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போனால் சட்டப்படி சிக்கல். வரம்பை நெருங்கினாலே வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அவசரத்தில் ஒருவன் பேட்ஜை இன்னொருவன் மாட்டிக்கொண்டதும் உண்டு. சில்லு ஒரு அணுவளவும் பொய் சொல்லவில்லை. ஆனால் தான் யார் நெஞ்சில் தொங்கினோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. பெயரை எழுதி ஒட்டுவது மனிதன்.

இன்னொன்றும் உண்டு. புறச் சக்தி இல்லாமல் பதியும் என்கிறோம்; ஆனால் ஆரம்பத்தில் அந்தத் துண்டில் மின்னூட்டத்தை ஏற்றியது யார்? கடைசியில் கணினியில் செருகும்போது, படிப்பதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நடுவில் நடப்பதுதான் தன்னால் நடக்கிறது. அந்த நடுப்பகுதியைப் பற்றி மீமாம்சகர் சொன்னது சரி, இரண்டு முனையைப் பற்றிச் சித்தாந்தி சொன்னது சரி என்று ஒருநாள் எழுந்து சொன்னேன். ஆசிரியர் சிரித்தார். இதை வைத்துக் கடவுளை நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். பேட்ஜைப் படிக்கிறவர் பாங்கியில் சம்பளம் வாங்குகிறார். அவரைப் பார்க்க முடியும்.

என் சிக்கல் வேறு இடத்தில். 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் யாரோ லாரியில் ரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடினார்கள். மூச்சுத் திணறலோடும் வாந்தியோடும் சிகிச்சைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். முதலில் விழுந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஜூன் மாதம் மறுபடியும் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், மறுபடியும் பள்ளிகள் மூடல். மாசாயில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முகர்ந்து பார்த்த நாள்கள் அவை.

சடத்துக்குச் செய்தவனைத் தெரியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கொட்டியவன் ஒருவன், மூச்சு முட்டியது வேறொருவனுக்கு. சித்தாந்தம் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. பிறரால் வரும் துன்பமும் அவரவர் முன்வினையே, பிறர் வெறும் கருவி என்பது அந்தப் பதில். வகுப்பில் ஒரு பெரியவர் அதை அப்படியே சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதுப் பிள்ளை மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும்போது அதன் முற்பிறவியைத் தோண்டுவது, லாரியை ஓட்டிவந்தவனுக்குச் செய்யும் உதவி. “அப்படியென்றால் வினைக்கொள்கையே வேண்டாமா?” என்றார் அவர். வேண்டும் ஐயா, ஆனால் கணக்கைப் படிக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன்.

எங்களிடம் ‘கண்ட்ரோல் பேட்ஜ்’ என்று ஒன்று உண்டு. அது வேலைக்கே போகாது. யார் நெஞ்சிலும் தொங்காது. கதிர்ப்பெட்டிகளுக்கு எட்டத்தில் அலுவலக அலமாரியில் கிடக்கும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லாருக்கும் வரும் கதிர் எவ்வளவு என்று அது காட்டும். அதைக் கழித்துத்தான் எங்கள் கணக்கைப் போடுவார்கள். ஒரு தடவை அதில் அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. பெரியவருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அந்தப் பேட்ஜ் முன்பு என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அதை எங்கே வைத்திருந்தீர்கள், பக்கத்தில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தது யார் என்றுதான் கேட்டார்கள்.