எந்தத் துளை பெரிது

தமிழில் மூக்கு வெறும் உறுப்பு இல்லை. அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். விவாதத்தில் தோற்றவன் ‘மூக்குடைபட்டான்’. ஒரு பெண் அழகாக இருக்கிறாள் என்று சொல்ல ‘மூக்கும் முழியுமா இருக்கா’ போதும். சூர்ப்பணகைக்கு விழுந்த தண்டனையும் மூக்கில்தான் விழுந்தது. மானம், அழகு, தண்டனை எல்லாமே முகத்தின் நடுவிலுள்ள இந்தச் சின்ன மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் ஒருவர் மூக்கை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்றால், அதை யாரும் பல் பிடுங்கப் போகிற செய்தியைப் போலக் கேட்பதில்லை. ‘பொறப்புல வந்ததுல கை வைக்கலாமா?’ என்று ஒரு தரப்பு. ‘உன் உடம்பு, உன் காசு, மத்தவனுக்கு என்ன வந்துச்சு?’ என்று இன்னொரு தரப்பு.

இந்த இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள் நின்றுகொண்டிருந்தேன். என் மூக்குத் துளைகள் சமமாக இல்லை. இடது துளை வட்டமாக, சற்றுப் பெரியதாக இருக்கும். வலது துளை ஒடுங்கிச் சாய்ந்திருக்கும். இரண்டையும் பிரிக்கும் நடுச்சுவரின் குருத்தெலும்பு முன்முனையில் ஒரு பக்கமாக விலகியிருப்பதுதான் காரணம். மூச்சு விடுவதில் எந்தச் சிரமமும் இல்லை. திருத்த முடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருத்தலாமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

முதலில் அந்த இரண்டு தரப்பையும் பார்த்துவிடுவோம்.

‘இயற்கையாக வந்ததை மாற்றக் கூடாது’ என்பவர்கள் தங்கள் பிள்ளைக்குப் பல் எத்திக்கொண்டிருந்தால் கம்பி போடுகிறார்கள். கண்ணாடி போடுகிறார்கள், நரைக்கு டை அடிக்கிறார்கள். அவ்வளவு ஏன், அதே மூக்கில் துளையிட்டு மூக்குத்தி போடுகிறோம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்த மூக்கை நாமே சமமில்லாமல் ஆக்கிவிட்டு அதை லட்சணம் என்கிறோம். உடலில் கை வைப்பது நமக்கு ஒருபோதும் பாவமாக இருந்ததில்லை. எந்தக் கை, எந்த வழக்கப்படி என்பதில்தான் சண்டை.

‘என் உடம்பு, என் முடிவு’ என்ற வாதம் இதைவிட வலுவானது. என்னை யாரும் தடுக்க முடியாது என்பதை அது நிறுவிவிடுகிறது. ஆனால் என் சந்தேகம் யாராவது தடுப்பார்களோ என்பதில் இல்லை. நான் செய்ய வேண்டுமா என்று நானே கேட்கும்போது ‘உனக்கு உரிமை இருக்கிறது’ என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலையை விடலாமா என்று கேட்பவனிடம் ‘ராஜினாமா செய்ய உனக்கு உரிமை உண்டு’ என்று சொல்வது மாதிரிதான்.

எனவே கேள்வியை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மனிதர்கள் மூக்கைச் சரிசெய்யச் சொல்லி எதற்காகக் கேட்டார்கள்?

இந்தியாவில் இது மிகப் பழைய கோரிக்கை. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அதே அளவில் கன்னத்திலிருந்து தோலை எடுத்து மூக்கில் பொருத்தும் முறையைச் சுச்ருத சம்ஹிதை விவரிக்கிறது. மூச்சு விட இரண்டு குழாய்களைச் செருகி வைக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறது. மூக்கறுப்பது தண்டனையாக இருந்த ஒரு நாட்டில் இந்தக் கலை வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கடிதம் வெளியானது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார். அந்தக் கடிதத்தால் தூண்டப்பட்டு ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் பிணங்களில் பயிற்சி எடுத்து, 1814இல் லண்டனில் ஒரு ராணுவ அதிகாரிக்கு அதே முறையைச் செய்துகாட்டினார்.

கவாஸ்ஜிக்குப் போனது கையும் மூக்கும். கை போனதால் வேலை போயிருக்கும். மூக்கு போனதால் மனிதர்கள் நடுவே உட்காரும் இடம் போயிருக்கும். அவருக்கு நெற்றியில் தழும்போடு ஒரு மூக்கு போதும்.

அடுத்தது 1898, பெர்லின். ஜாக் ஜோசப் என்ற யூத மருத்துவரிடம் ஒருவர் வருகிறார். அவர் மூக்கில் நோய் எதுவும் இல்லை. பெரிய மூக்கு, அவ்வளவுதான். போகிற இடமெல்லாம் எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால் வெளியே போவதையே விட்டுவிட்டேன் என்கிறார். ஜோசப் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், கேலிக்கு ஆளான ஒரு சிறுவனின் காதுகளை ஒட்டவைத்ததற்காக வேலையை இழந்திருந்தார். ஆரோக்கியமான உறுப்பில் கத்தி வைப்பது அன்றைய மருத்துவத்துக்கு ஒழுங்கீனம். ஆனாலும் இந்த மூக்கையும் அவர் சிறிதாக்கினார். கவாஸ்ஜியும் சரி, இவரும் சரி, பேரழகு கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவராக இருந்துவிட்டுப் போக அனுமதி கேட்டார்கள்.

இதைப் படித்தபோது என் அலுவலகத் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அவள் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே உதட்டைத் தைத்துவிட்டார்கள். ஆனால் உதட்டுப்பிளவு உதட்டோடு நிற்பதில்லை. அந்தப் பக்கத்து மூக்குத் துளையும் தட்டையாகி விரிந்துவிடும். முகம் வளர்ந்து முடியும்வரை காத்திருந்துதான் மூக்கை முழுமையாகத் திருத்துவார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயதில் அது நடந்தது.

“அழகாகணும்னெல்லாம் இல்லப்பா,” என்றாள். “புதுசா யார்கிட்ட பேசினாலும் அவங்க கண்ணு முதல்ல என் மூக்குக்குப் போகும், அப்புறம் பதறிப்போய் கண்ணுக்கு வரும். அந்த ரெண்டு செகண்ட் எனக்கு வேண்டாம்னு இருந்துச்சு.”

“இப்போ?”

“இப்போவும் உத்துப் பாத்தா தெரியும். ஆனா அந்த ரெண்டு செகண்ட் போயிடுச்சு.”

அவள் மூக்கு இன்றும் முழுச் சமமாக இல்லை. ஆனாலும் அந்தச் சிகிச்சை வெற்றி. காரணம், எது முடிய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது முடிந்தது.

மென்பொருள் வேலையில் ஒரு வேலையைக் கையில் எடுக்கும் முன்பே ‘இது எப்போது முடிந்ததாகக் கணக்கு?’ என்று எழுதி வைத்துக்கொள்வோம். அது இல்லாமல் தொடங்கும் வேலை முடியாது, இழுத்துக்கொண்டே போகும். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு வரைபட வகுப்பிலும் இதே பாடம்தான். அளவு மட்டும் எழுதினால் போதாது, எவ்வளவு பிசகலாம் என்றும் எழுத வேண்டும். பிசகே கூடாது என்று எழுதினால் அந்தப் பாகத்தை உலகத்தில் யாராலும் செய்ய முடியாது.

நான் ஆலோசனைக்குப் போன அறுவை மருத்துவர் நிதானமானவர். துளைகள் முழுக்கச் சமமாகும் என்று எந்த மருத்துவரும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். வீக்கம் முழுதாக வடிந்து இறுதி வடிவம் தெரிய ஓராண்டுகூட ஆகும், சிலருக்கு மறுபடி அறுவை தேவைப்படும் என்றார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். “இதை வேற யாராவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா?” “செஞ்சு முடிச்சதும் உங்க வாழ்க்கையில என்ன மாறணும்?”

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. பன்னிரண்டு ஆண்டு திருமணத்தில் என் மனைவி கவனித்ததில்லை. நான் சொன்ன பிறகு என் முகவாயைத் தூக்கிப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் தேடிப் பார்த்தாள். கவாஸ்ஜியைப் பார்த்த கண்கள் உண்டு, பெர்லின்காரரைப் பார்த்த கண்கள் உண்டு, என் தோழிக்கு அந்த இரண்டு செகண்ட் உண்டு. என்னைப் பார்த்தது யார்?

என் ஃபோன். ஒரு அடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஐந்து அடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும், அதே சின்ன விஷயம்தான். போதாக்குறைக்கு, நமக்குப் பழகிய நம் முகம் கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகம். 1977இல் நடந்த ஒரு சோதனையில் பெண்களிடம் அவர்களுடைய படத்தை இரண்டு விதமாகக் காட்டினார்கள். பெரும்பாலும் அவர்களுக்குப் பிடித்தது கண்ணாடி பிம்பம், அவர்களுடைய தோழிகளுக்குப் பிடித்தது நேர்ப்படம். அவரவருக்குப் பழகியது அவரவருக்கு. வீடியோ மீட்டிங்கில் வேறு நாள் முழுக்க மடிக்கணினி கீழிருந்து மூக்குத் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மனித வரலாற்றில் எவனும் தன் மூக்கைக் கீழிருந்து இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டான்.

‘அப்படியானால் குறை கற்பனை’ என்று நான் சொல்லவில்லை. துளைகள் சமமில்லை என்பது நிஜம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எது முடியும்? யாரும் பார்க்காத ஒன்றைத் திருத்தினால், யாரும் பார்ப்பதை நிறுத்தப் போவதில்லை. பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்த கண், திருத்திய பிறகு மிஞ்சும் அரை மில்லிமீட்டரையும் கண்டுபிடிக்கும். இந்தப் பார்வை முற்றிப்போய், நாளுக்குப் பல மணிநேரத்தைக் கண்ணாடி முன் தின்றுவிடும் நிலைக்கு மருத்துவத்தில் ‘பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்’ என்று பெயர். அவர்களுக்கு அறுவை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை, கவலை வேறு இடத்துக்கு மாறுகிறது. நான் அங்கே இல்லை. ஆனால் அந்தச் சாலை என் வாசல் வழியாகத்தான் போகிறது.

முடிவது எது என்பது பாதிக் கேள்வி. தொடங்குவது எது என்பது மீதி.

என் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் இடது துளை வட்டம், வலது துளை சாய்வு. ‘அப்படியே அப்பன் மூக்கு’ என்று ஊரில் சொல்வார்கள், அவளும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்கிறாள். நான் மூக்கில் கட்டோடு வீட்டுக்கு வந்தால் ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? ‘அப்பா மூக்கு சரியில்ல, அதான் சரி பண்ணிக்கிட்டேன்.’ அந்த வாக்கியம் என் மூக்கைப் பற்றியது மட்டும் இல்லை. கத்தி என் முகத்தைத்தான் மாற்றும், அவளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்காது. அவள் முகத்தில் இன்றுவரை இல்லாத ஒரு குறையை நான் தொடங்கி வைத்திருப்பேன்.

‘அப்படிப் பார்த்தால் உன் தோழியும் செய்திருக்கக் கூடாதே, அவளுக்கும் பிள்ளை பிறக்கலாமே’ என்று கேட்கலாம். அங்கே குறையைத் தொடங்கி வைத்தது அவள் இல்லை. ஊர் தொடங்கியது, அவள் முடித்துக்கொண்டாள். அவள் குழந்தைக்கு அதே உதடு வந்தாலும் ‘இது வரும், இதை முடிக்கவும் முடியும்’ என்று அவளால் சொல்ல முடியும். அது ஆறுதல். என்னால் சொல்ல முடிவது ஒரு புகார் மட்டும்.

அதனால் நான் செய்துகொள்ளவில்லை. இதை எல்லோருக்குமான தீர்ப்பாக எழுதவில்லை. வகுப்பில் பட்டப்பெயர் வாங்கியவர்களிடம், பெண் பார்க்க வந்தவர்கள் உதட்டைச் சுழித்துவிட்டுப் போன பிறகு அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம், ‘உள்ளதை ஏற்றுக்கொள்’ என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அந்த உபதேசம், முகத்துக்காக எந்த விலையும் கொடுக்காதவர்களுக்குச் சுலபமாக வருகிறது.

மூக்கின் உள்ளே இயல்பாகவே சமம் கிடையாது என்பதையும் இந்த அலைச்சலில்தான் தெரிந்துகொண்டேன். சில மணிநேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக வீங்கி அடங்க, மறுபக்கம் அதிகக் காற்றை இழுக்கிறது. பிறகு முறை மாறுகிறது. அது என் முடிவுக்குக் காரணம் இல்லை, தெரிந்ததில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

மகள் வளர்ந்து இருபது வயதில் வந்து ‘எனக்கு இதைச் சரி பண்ணணும்ப்பா’ என்று சொல்லலாம். அந்த மருத்துவர் என்னிடம் கேட்டதையே அவளிடம் கேட்பேன். யாரு பாத்தா, எது முடியணும்? அவளிடம் பதில் இருந்தால் பணம் நான் கட்டுகிறேன்.