ஒட்டுண்ணி என்ற சொல்

ஒருவரை அண்டி வாழ்பவரை எந்தப் பெயரால் அழைப்பது? சிறிய கேள்விதான். ஆனால் அதற்கு அவசரப்பட்டு விடை சொன்னதற்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரைக்குச் சமீபத்தில் இருந்த எங்கள் வீட்டில், கணவரை இழந்த அத்தை ஒருத்தி இருந்தாள். ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்ற கோபத்தில், கல்லூரியில் புதிதாகக் கற்றுவந்த வார்த்தையை அவள்மீது வீசினேன்: "ஒட்டுண்ணி!" மாட்டின் மடியில் ஒட்டும் உண்ணியை அவள் அறிவாள். விளக்கம் தேவைப்படவில்லை. மறுநாளும் வழக்கம்போல் அரிசி மாவில் கோலம் போட்டாள். எறும்புகள் வந்து தின்றன. ஆனால் அன்றுமுதல் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைத்தான் அவள் உண்டாள்.

எறும்புகளோடு கூடி வாழும் உண்ணிகள் உண்டு. 1851-ல் சென்னையில் வெளிவந்த விஞ்ஞான இதழொன்றில் டி. சி. ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் தென்னிந்திய எறும்புகளை வரிசைப்படுத்தி எழுதினார். பல எறும்புகளுக்கே அப்போதுதான் நூற்பெயர் கிடைத்தது. எறும்பின் விருந்தாளியை யார் கவனிப்பது?

புதிய உண்ணியொன்றை விவரிக்கிறவர் அவசரப்படுவதில்லை. கண்ணாடிச் சில்லில் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் அதன் மயிர்களை எண்ணி, எந்த எறும்பின்மீது எவ்விடத்தில் கிடைத்ததென்று குறித்து, அப்புறந்தான் பெயரிடுகிறார். அது உண்பது இன்னதென்று தெரியாதபோது, "கூட வாழ்வது" என்று மட்டும் எழுதி நிறுத்துவதே முறை.

1962-ல் பெயர் பெற்ற ஓர் உண்ணி, அமெரிக்க வெப்பக் காடுகளில் திரியும் படையெறும்பின் பின்னங்கால் நுனியைப் பற்றி இரத்தம் உறிஞ்சுவது. சந்தேகமற்ற ஒட்டுண்ணி! ஆனால் அந்த எறும்புகள் காலோடு கால் கோத்துத் தொங்கி, தம் உடல்களாலேயே வீடு கட்டுகின்றன. அப்போது உண்ணியே எறும்புக்குப் பாதமாகிறது. உண்ணியின் பின்னங்கால்களே எறும்பின் நகங்களாகப் பற்றிக்கொள்கின்றன. பொறுமையாகப் பார்த்து இதைச் சொன்னவர் கார்ல் ரெட்டன்மேயர். உண்ணிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

அத்தையும் எங்கள் வீட்டுக்குப் பாதமாக இருந்தாள் என்று எழுதி முடிக்கலாம். அது சுலபமான சமாதானம். உழைத்ததால்தான் சோற்றுக்குப் பாத்தியதை என்றால், அவள் படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி இரண்டு வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? லாப நஷ்டம் பார்த்து உறவை அளப்பதற்கு உண்ணியும் எறும்பும் சரி. மனிதர்களுக்கு அந்தத் தராசு உதவாது.

உண்ணிக்குப் பெயர் இல்லை, தேடினார்கள். எங்கள் வீட்டில் இருந்தவளுக்கோ "அத்தை" என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. வேறு பெயர் தேடியதுதான் நான் செய்த பாவம்.