கைக்கு மிஞ்சிய துப்பாக்கி

ஒரு காணொளி. அமெரிக்காவில் ஏதோ ஒரு பொட்டல் வெளி. தொப்பி போட்ட ஓர் ஆள் இரண்டு கைகளாலும் ஒரு ரிவால்வரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது ரிவால்வர் மாதிரியே இருக்கிறது, ஆனால் அளவு மட்டும் எங்கேயோ தப்பிப் போயிருக்கிறது. சுடுகிறார். ஆள் உயரத்துக்கு நெருப்பு. கைகள் தலைக்கு மேலே போகின்றன, உடம்பு ஓர் அடி பின்னால் நகர்கிறது. கையை உதறிக்கொண்டே சிரிக்கிறார். பக்கத்தில் நிற்பவர்களும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன். அப்புறம் அதே மாதிரி வேறு நான்கைந்து.

நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தொட ஆசையும் கிடையாது. பின்னே ஏன் பார்த்தேன்? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக விடவில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அந்த ரிவால்வர் அமெரிக்காவின் மேக்னம் ரிசர்ச் செய்யும் பிஎஃப்ஆர். அதில் போடப்படும் தோட்டாக்களில் ஒன்று .45-70. அமெரிக்க ராணுவம் 1873-இல் தன் காலாட்படையின் நீளத் துப்பாக்கிக்காக ஏற்றுக்கொண்டது. பெயரிலேயே விவரம் இருக்கிறது: குழல் விட்டம் 0.45 அங்குலம், கரிமருந்து 70 கிரெய்ன். குண்டின் எடை 405 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம். தோளில் வைத்து, கிட்டத்தட்ட 83 சென்டிமீட்டர் நீளக் குழலில் சுட வேண்டிய தோட்டா அது. அதைக் கால் மீட்டர் குழலில், தோள்கட்டை இல்லாமல், வெறும் மணிக்கட்டை நம்பிச் சுடுகிறார்கள்.

இது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. 1847-இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரே இரண்டு கிலோவுக்கு மேல் எடை. 1955-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .44 மேக்னம் கொண்டுவந்தது. 1971-இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைக் கையில் எடுத்த பிறகு துப்பாக்கி அறியாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. 2003-இல் அதே நிறுவனம் அரை அங்குல விட்டத்தில் .500 மேக்னம் விட்டது. உச்சத்தில் ஆஸ்திரியாவின் ஃபைஃபர் செலிஸ்கா. யானை வேட்டைக்கென்று பிரிட்டிஷ்காரர்கள் உருவாக்கிய .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவுக்காகச் செய்த ரிவால்வர். எடை 6 கிலோ. ஆறு கிலோவைக் கைத்துப்பாக்கி என்று கூப்பிடும்போது அந்தச் சொல்லே கொஞ்சம் தடுமாறுகிறது.

நம்ம ஊர் வாசகருக்கு இங்கே ஒரு தற்செயல் உறுத்தலாம். அந்தப் படம் வந்த அதே 1971-இல்தான் மலேசியாவில் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் சட்டம் வந்தது. கொள்ளை மாதிரியான குற்றத்தின்போது கொல்லவோ காயப்படுத்தவோ எண்ணிச் சுட்டால், யாருக்கும் ஒரு கீறல் விழாவிட்டாலும், 2023 வரை கட்டாய மரண தண்டனை. அங்கே திரையில் ரசித்த பொருளுக்கு இங்கே தூக்குக் கயிறு. அதனால் எங்கள் ரசனை செலவே இல்லாத ரசனை. கையும் வலிக்காது, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயப்படவும் வேண்டாம்.

இந்தத் துப்பாக்கிகளை எதற்கு வாங்குகிறார்கள்? கேட்டால் முதலில் வரும் பதில், தேவை. அலாஸ்காவில் கரடி வரும், காட்டில் மீன் பிடிக்கப் போகும்போது இடுப்பில் இருந்தால் நல்லது. கைத்துப்பாக்கியாலேயே மான் வேட்டையாடுகிறவர்களும் இருக்கிறார்கள், பல மாநிலங்களில் அதற்கு அனுமதியும் உண்டு. இது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. 6 கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு யாரும் மீன் பிடிக்கப் போவதில்லை. கரடிக்குப் பயந்தவர் அதே தோட்டாவை அதற்கென்றே செய்த நீளத் துப்பாக்கியில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: இதெல்லாம் கொலைவெறி. இதுவும் நிற்கவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். கொலைகளில், ஆயுதம் இன்னதென்று தெரிந்தவற்றில், பெரும்பாலும் சாதாரணக் கைத்துப்பாக்கிதான். மலிவானது, சட்டைக்குள் மறைவது, மேசை இழுப்பறையில் கிடப்பது. யானைத் தோட்டா போடும் ரிவால்வரை மறைக்கவும் முடியாது, அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது. விளைவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், இந்த ராட்சதப் பொருள்தான் துப்பாக்கிக் கடையிலேயே அப்பாவி.

அப்படியென்றால் மிச்சம் இருப்பது விளையாட்டு. ஆடம் ஸ்மித் 1759-இல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு கருவியால் கிடைக்கும் பலனைவிட, பலனைத் தருவதற்கேற்ப அது அமைந்திருக்கும் நேர்த்தியே மனிதர்களை மயக்குகிறது என்கிறார். சட்டைப் பை நிறைய சின்னச் சின்னச் சாமான்களைச் சுமந்து திரிகிறவர்களை உதாரணம் காட்டுகிறார். பொறியாளனாக இருக்கும் எனக்கு இதைக் குறை சொல்ல வாயில்லை. பிஎஃப்ஆரின் நீண்ட உருளையைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பயமோ வெறுப்போ இல்லை. சுவர்த் தடிமன் எவ்வளவு வைத்திருப்பான் என்ற யோசனைதான்.

ஆனால் ஸ்மித்தின் விளக்கத்தில் ஒரு சிக்கல். இது நேர்த்தியான கருவியே இல்லை. குட்டைக் குழலில் மருந்து முழுதாக வேலை செய்வதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு பக்கவாட்டில் பீறிடுகிறது. காணொளியில் நம்மை வாய் பிளக்க வைக்கும் அந்த நெருப்பு, குண்டைத் தள்ளாமல் வீணான ஆற்றல். நாம் கை தட்டுவது விரயத்துக்கு. ஒரு கருவி தன் வேலையை மோசமாகச் செய்யும்போது ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

எனக்கு இளவட்டக்கல் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டு கிராமங்களில் இளைஞர்கள் தூக்கிக் காட்டும் உருண்டைக் கல். அதைத் தூக்கி ஒரு வீடும் கட்டப்போவதில்லை. பிடி கிடைக்காத உருண்டையாக இருப்பதுதான் அதன் பொருளே. தூக்கினவனுக்கு ஊரில் மதிப்பு, பெண் கொடுப்பார்கள் என்பது பழைய பேச்சு. பயனற்ற பாரத்தைச் சுமந்து காட்டுவதில் மனிதனுக்கு ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சுகத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. கல்லைத் தூக்கும் பலம் தூக்குகிறவனுடையது. ரிவால்வரில் பலம் மருந்தினுடையது. சுடுகிறவன் விரலை அசைக்கிறான், அவ்வளவுதான். அவனுடைய பங்கு, வருவதைத் தாங்கிக்கொள்வது.

தாங்குவது எவ்வளவு? சின்னக் கணக்கு. 26 கிராம் குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால், 2 கிலோ ரிவால்வர் வினாடிக்கு 5 மீட்டருக்கு மேலான வேகத்தில் திரும்பி வரும். வாயுவின் உந்தல் அதற்கு மேல் தனி. அதே தோட்டாவை 4 கிலோ நீளத் துப்பாக்கியில் போட்டால் உதையின் வேகம் ஏறக்குறையப் பாதி, அதையும் தோள் வாங்கிக்கொள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதியை ஐந்தாம் படிவத்திலிருந்து மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். இந்த ரிவால்வர் அதை மணிக்கட்டில் எழுதிவிடுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. இதன் கவர்ச்சி ஒருவேளை அதன் நேர்மையோ? சாதாரணத் துப்பாக்கியில் விசையை அழுத்துகிறவனுக்கும் அடி வாங்குகிறவனுக்கும் நடுவே ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு. இவனுக்கு ஒரு சின்ன அதிர்வு, அவனுக்கு உயிர். பெரிய ரிவால்வர் செலவில் ஒரு பங்கைச் சுடுகிறவனிடமே வசூலிக்கிறது. "இவ்வளவு சக்தி வேண்டுமென்றால் நீயும் கொஞ்சம் கொடு" என்கிறது. பயன்படுத்துகிறவனுக்கு வலிக்கிற அதிகாரம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் இல்லையா?

நல்ல எண்ணம். ஆனால் நடப்பு அப்படி இல்லை. குழல் நுனியில் துளை போட்டு வாயுவை மேலே திருப்புகிறார்கள், உதை குறைகிறது. கைப்பிடிக்கு மெத்தென்ற ரப்பர். எடையைக் கூட்டுகிறார்கள். வலியைத் தேடிப் போய், வாங்கின பிறகு வலியைக் குறைக்கிறார்கள். இன்னொன்று, அந்தக் காணொளிகளில் அதிகம் சிரிப்பு வருவது பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுக்கும்போது. ஒல்லியான பையன், அல்லது யாருடைய காதலியோ. எச்சரிக்கை சொல்லாமல் கொடுத்துவிட்டு, துப்பாக்கி நெற்றியில் மோதுவதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். இது வெறும் வேடிக்கை இல்லை. உதையில் துள்ளும் கை தன்னையறியாமல் இறுகி இரண்டாவது தோட்டாவும் வெடிக்கலாம், அப்போது குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் புதியவர் கையில் ஒரே ஒரு தோட்டா போட்டுத்தான் கொடுப்பார்கள். மற்றவர்கள் சிரிப்பதற்காக முழுதாக நிரப்பிக் கொடுக்கிறார்கள். ஆகவே செலவைக் கட்டுகிறவர் அதிகாரத்தை விரும்பியவர் இல்லை. பக்கத்தில் நின்ற யாரோ.

என் தாத்தா தோட்டத்தில் ஜாகாவாக இருந்தவர். காட்டுப்பன்றி விரட்ட நிர்வாகத்தின் வேட்டைத் துப்பாக்கி அவர் கையில் சில வருடம் இருந்தது. சுட்ட வெற்றுத் தோட்டாக்களைக்கூட பிஸ்கட் டின்னில் எண்ணி வைத்திருப்பாராம், ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். "துப்பாக்கி பாரம் இல்லடா, கணக்குதான் பாரம்" என்று சொல்வாராம். அப்பா இதைச் சொல்லும்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. சக்தியின் எடை இரண்டு வகை. ஒன்று கையில் வலிக்கும், அதைத் தாங்கிவிட்டால் பெருமை. மற்றொன்று பதில் சொல்லக் கடமைப்பட்ட எடை, அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. பெரிய ரிவால்வர் முதலாவதைத் தாராளமாகக் கொடுத்து, இரண்டாவதும் அதுதான் என்று நம்ப வைத்துவிடுகிறது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் ஒன்று இருந்தது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் அது இறங்கும். ஒரு கையும் உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒருநாள் ஒரு பொத்தான்மேல் டேப் ஒட்டியிருந்தது. இயக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு கையால அழுத்துனா நிமிஷத்துக்கு ரெண்டு பீஸ் கூட வருது தம்பி. நீங்கதானே டார்கெட் வரலைன்னு சொன்னீங்க?" அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பைப் பிய்த்தது மறுநாள் சாயங்காலம். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒன்றரை நாள் உற்பத்தி என் பெயரில் போனது, ஆபத்து அவர் விரல்களில் இருந்தது. என் கைக்கு எந்த உதையும் வரவில்லை.

அந்தப் பொட்டல் வெளி ஆளை நான் இப்போது அவ்வளவு எளிதாகக் கேலி செய்ய மாட்டேன். அவர் கையாவது வலித்தது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "இவ்வளவு பெரிசு எதுக்கு?" என்பது இல்லை என்று தோன்றுகிறது. "அடுத்து யார் கையில் கொடுக்கப் போகிறீர்கள், எத்தனை தோட்டா போட்டு?" என்று கேட்கலாம். அதே கேள்வியை எனக்கும் கேட்டுக்கொண்டுதான் அந்தக் காணொளியை மூடினேன்.