எண்ணெய் விற்கிறவர் எங்கே?

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வருகிற பத்துக் கன்னிகைகளின் உவமையைத் திருச்சபை ஆண்டு முடிகிற நவம்பர் வாரங்களில் வாசிப்பது லுத்தரன் சபைகளில் பழைய வழக்கம். மணவாளன் வரத் தாமதமாகிறது. நடுராத்திரியில் ஐந்து பேரின் தீவட்டி அணையப் பார்க்கிறது. கூடுதலாக எண்ணெய் கொண்டுவந்த மற்ற ஐந்து பேரிடம் கேட்கிறார்கள். அவர்களோ, இருப்பது நமக்கெல்லாம் காணாது, கடைக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். பிரசங்கம் முழுக்க இந்தப் பத்துப் பேரைச் சுற்றியே நடக்கும். பதினோராவது ஆள் ஒருவர் கதைக்குள் இருக்கிறார், எண்ணெய் விற்கிறவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் மேனேஜராக இருந்தே தலை நரைத்தவன் நான். என் கண் அவர்மேல்தான் போகும்.

அந்நேரத்தில் அவர் கடை திறந்திருந்ததா? மத்தேயு சொல்லவில்லை. பிற்பாடு வந்து கதவைத் தட்டிய ஐந்து பேர் கையில் எண்ணெய் இருந்ததா என்பதைக்கூட எழுதவில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. கூடுதல் எண்ணெய் வைத்திருந்த புத்தியுள்ள கன்னிகைகள் ‘கடைக்குப் போங்கள்’ என்று சொன்னது நியாயமாக இருக்க வேண்டுமென்றால், ஊரில் எங்கோ ஒரு கடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். கடை இருட்டாகக் கிடந்தால் அதே வார்த்தை ஈரமில்லாத வார்த்தை ஆகிவிடுகிறது. அவர்களுடைய புத்தி, அவர்களுக்கே தெரியாமல், ஒரு கடைக்காரரின் முன்யோசனையை நம்பி நிற்கிறது.

அப்படி எண்ணெய் தேடி அலைகிற இருட்டு எங்கள் பக்கமும் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. காவிரி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. அன்றிலிருந்து எந்த வேலை நடக்கவும் முதலில் எண்ணெய் வேண்டும் என்றாயிற்று. ரோட்டில் விழுந்த மரத்தை அறுக்கிற மெஷினுக்குப் பெட்ரோல். மரத்தை இழுத்துப் போடுகிற ஜேசிபிக்கு டீசல். செல்போன் டவருக்கு டீசல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போட வாடகைக்கு வந்த ஜெனரேட்டர்களுக்கு டீசல். சில கிராமங்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

பங்கில் எண்ணெய் இல்லாமல் இல்லை. பூமிக்கடியில் டேங்கில் ஆயிரக்கணக்கான லிட்டர் கிடக்கிறது. டிப் ராடை இறக்கி எடுத்தால் இத்தனை சென்டிமீட்டர் என்று ஈரம் காட்டும். ஆனால் அதை மேலே இழுக்கிற மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். பழைய பம்புகளில் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். இப்போதைய மெஷினில் டிஸ்ப்ளேகூட எரியாது. ஜெனரேட்டரை ஓட்ட டீசல், டீசலை எடுக்க ஜெனரேட்டர் என்ற இந்த வட்டத்தைப் பங்கில் வேலை பார்த்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பங்கில் ஜெனரேட்டர் இருந்தது. முதலாளி அதைப் புயலை நினைத்து வாங்கவில்லை. 2012 வாக்கில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில், வியாபாரம் படுத்துவிடக் கூடாதே என்று வாங்கியது. அது ஓடியதால்தான் அந்த வாரம் எங்களால் ஊற்ற முடிந்தது. ஏடிஎம் எதுவும் வேலை செய்யாததால் தெரிந்தவர்களுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தோம். கடைத்தெருவில் மெழுகுவர்த்தி விலை எகிறியது, ஜெனரேட்டர் வாடகை எகிறியது. எங்களால் ஒரு பைசா ஏற்ற முடியாது. விலையை வைப்பது எண்ணெய் கம்பெனி, டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். இதை எங்கள் நல்ல குணத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது.

கரண்ட் போனாலும் பங்க் ஓடுகிற ஏற்பாட்டை அமெரிக்காவின் சில மாநிலங்களில் தனிமனிதர் குணத்திடம் விட்டுவைக்கவில்லை. 2005இல் வில்மா சூறாவளி ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்டது. மறு வருஷமே அங்கே சட்டம் வந்தது: பெரிய நெடுஞ்சாலைக்கோ மக்களை வெளியேற்றும் பாதைக்கோ அரை மைலுக்குள் இருக்கிற பெரிய பங்குகள், ஜெனரேட்டர் வந்து சேர்ந்தால் உடனே மாட்டுகிற மாதிரி வயரிங்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சும் வைத்திருக்க வேண்டும். ஒரே கவுண்டியில் பத்தோ அதற்கு மேலோ பங்கு நடத்துகிற கம்பெனி ஜெனரேட்டருக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 2012இல் சாண்டி சூறாவளி வந்தபோது நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் டேங்கில் எண்ணெய் இருந்தும் கரண்ட் இல்லாமல் பங்குகள் மூடிக் கிடந்தன. நம்பர் பிளேட்டில் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஊற்றினார்கள். மறு வருஷம் நியூயார்க்கும் சட்டம் போட்டது.

இதையெல்லாம் ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அண்ணே, நீங்க பங்க்காரரா வாசிக்கிறீங்க. அந்த எண்ணெய் விசுவாசம். ஒருத்தருக்காக இன்னொருத்தர் விசுவாசிக்க முடியாது. அதனாலதான் அவங்க குடுக்கல. அதை எந்தக் கடையிலயும் வாங்கவும் முடியாது.”

நம் சபையின் விளக்கம் அதுதான், எனக்கும் தெரியும். ஆனால் வாங்கவே முடியாத பொருள் என்றால் உவமையில் விற்கிறவரை ஏன் கொண்டுவர வேண்டும்? அதற்கு மேலாக என்னை உறுத்துவது அந்த அதிகாரத்தின் முடிவு. எண்ணெய் கொடுக்க மறுத்தவர்களை உள்ளே விட்ட அதே 25ஆம் அதிகாரம், தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாயா என்ற கணக்கில் போய் முடிகிறது. அங்கே நீதிமான்களுக்கே ஆச்சரியம். உமக்கு எப்போது கொடுத்தோம் என்று ராஜாவையே கேட்கிறார்கள். தாங்கள் செய்தது தங்களுக்கே தெரியவில்லை.

கரண்ட் கட்டுக்காக வாங்கிய ஜெனரேட்டர் ஓடியதால் ஒரு கிராமத்துத் தொட்டி நிறைந்தது என்றால், அதில் எங்கள் முதலாளிக்குப் புண்ணியம் உண்டா? சட்டத்துக்குப் பயந்து ஸ்விட்ச் வைத்த ஃபுளோரிடாக்காரருக்கு உண்டா? உண்டு என்பதுதான் என் கட்சி. குடத்தோடு நிற்கிற பெண்ணுக்கு என் உள்நோக்கத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் தூசி பிடித்து நிற்கிற மெஷினை மாதம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, அதற்கு லட்சங்களில் காசும் போட்டு வைப்பதை விருப்பமுள்ளவர் செய்யட்டும் என்று விட்டால், வண்டி அதிகம் வராத உள்ரோட்டுப் பங்கில் யாரும் செய்ய மாட்டார்கள். அங்கேதான் தண்ணீர்த் தொட்டிகளும் அதிகம் காயும். சட்டம் கட்டாயப்படுத்தட்டும், செலவில் ஒரு பகுதியை அரசும் கம்பெனியும் ஏற்கட்டும்.

போதகர் ஒப்புக்கொள்ளவில்லை. தெரியாமல் கொடுத்தது வேறு, அன்பில்லாமல் கொடுத்தது வேறு என்கிறார். அந்த வித்தியாசம் இருக்கிறது. அதை எடை போடுகிற வேலை ராஜாவுடையது, பங்க் உரிமம் கொடுக்கிறவருடையது அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த நவம்பரில் அதே பகுதி வரும்போது எண்ணெய் விற்கிறவரைப் பற்றி ஐந்து நிமிஷமாவது பேசுகிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.