கற்பவருக்குக் கை நீட்டுவது யார்?



இரத்தப் பரிசோதனைக்குப் போய் நாற்காலியில் அமர்கிறோம். எதிரே வரும் இளம்பெண், "நான் பயிற்சியில் இருக்கிறேன். உங்களுக்கு நான் இரத்தம் எடுக்கலாமா?" என்று கேட்கிறாள். "அனுபவம் உள்ளவர் வரட்டுமே" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். இது நியாயமா?

நாம் வாழும் கலிபோர்னியாவில் இவ்வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். புதிதாகப் பயில்பவர் 40 மணி நேரம் வகுப்பிலும், 40 மணி நேரம் செய்முறையிலும் கழிக்க வேண்டும். குறைந்தது 50 முறை நாளத்திலிருந்தும், 10 முறை விரல் நுனி போன்ற இடத்தில் குத்தியும் இரத்தம் எடுத்திருக்க வேண்டும். பிறகு தேர்வும் உண்டு. ரப்பர் கையில் பழகலாம். ஆனால் ரப்பர் கைக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. முதல் ஊசி என்றேனும் ஒரு மனிதர் கையில்தான் இறங்கியாக வேண்டும்.

மறுப்பது நம் உரிமை, அதில் குற்றமில்லை. ஆனால் மறுக்கத் தெரிந்தவர் எல்லோரும் மறுத்தால், அந்த ஊசி யாரைத் தேடிப் போகும்? மறுக்கத் தெரியாதவரை. ஆங்கிலம் புரியாமல் எதற்கும் தலையாட்டும் நம் வீட்டுப் பெரியவர்களை. அந்தத் தலையாட்டல் சம்மதம் ஆகாது.

ஆகவே கற்பவருக்கு முதல் கடமை உண்மை. "நான் பயில்பவள்" என்பதைப் புரியும்படி சொல்ல வேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் நோயாளி வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். கையில் கட்டிய பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக் கூடாது. இரத்தக் குழாயில் பெயரை அவர் முன்னிலையிலேயே ஒட்ட வேண்டும். பெயர் மாறினால் ஒருவர் நோய்க்கு மற்றவர் மருந்து உண்ண நேரும். இரண்டு முறை தவறினால், கூச்சப்படாமல் மூத்தவரை அழைக்க வேண்டும். இவற்றுக்குக் கைத்திறனைவிட மனச்சாட்சியே அதிகம் தேவை.

நமக்கும் கடமை உண்டு. இன்று நம் குடும்பங்களிலும் பிள்ளைகளும் தாய்மாரும் இப்பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்கள் கற்க யாரோ முன்பின் தெரியாதவர் கை நீட்டுகிறார். அப்படியிருக்க, உடல் நலமும் தைரியமும் உள்ள நாம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கை நீட்டத் தயங்கலாமா? பெரியவர்களுடன் துணைக்குப் போய், கேட்கப்படுவதைத் தமிழில் எடுத்துச் சொல்லி, "வேண்டாம்" என்றும் சொல்லலாம் என உணர்த்துவதும் நம் பொறுப்பே.

தேர்ந்த கை ஒவ்வொன்றும் ஒரு நாள் நடுங்கிய கைதான். சிந்திப்போமாக.