ஸ்தோத்திரமா, மந்திரமா?



ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடத்தில் ஒரே கேள்வியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருக்கும் உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாரத்தோடு தேவ சமுகத்தில் காத்திருந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்தவர்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவ குப்பத்துச் சகோதரி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது அவர்கள் ஆராதனைக்கு வந்திருந்தார்கள். கரையில் விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவர்கள் சொன்னார்கள்: "ஐயா, ராத்திரி கண்ண மூடினா கடல் சத்தம்தான் வருது. அதான் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு சொல்லிட்டே படுப்பேன். புளியங்கொட்டை வெச்சு எண்ணுவேன். சில நாள் ஆயிரம்கூடப் போகும். அப்புறம் தூக்கம் வந்துடும். போன மாசம் நம்ம விசுவாசி ஒருத்தங்க பாத்துட்டு, இது மந்திரம் ஜெபிக்கிற மாதிரி, விட்ருங்கன்னு சொல்லிட்டாங்க. விட்டுட்டேன். இருபது நாளா தூக்கமே இல்ல ஐயா. நான் இத்தன வருஷம் பண்ணது பாவமா?"

இரண்டாவது வந்தது ஒரு வாலிபத் தம்பி. மகேந்திரா சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. "பாஸ்டர், ஆபீசுல தியான வகுப்பு வெச்சாங்க. ஒரு சத்தத்தை மனசுக்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாங்க. பத்து நிமிஷத்துல படபடப்பு அடங்கிடுச்சு. உண்மையைச் சொன்னா, நம்ம ஜெபக்கூட்டத்துல வராத அமைதி அங்க வந்துச்சு. அது தப்புன்னா, எப்படி வேலை செய்யுது?"

பார்த்தீர்களா? ஒருவர் ஸ்தோத்திரம் சொல்லிப் பயப்படுகிறார். இன்னொருவர் மந்திரம் சொல்லிச் சமாதானப்படுகிறார். நாம் அவசரப்பட்டுப் பேசினால் இருவரையும் இழந்துபோவோம்.

அடங்குவது எது?

முதலாவது, உண்மையை உண்மையென்று ஒத்துக்கொள்ளுவோம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் அடங்கும். அமெரிக்காவில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் என்ற டாக்டர், மகரிஷி மகேஷ் யோகியின் முறைப்படி தியானம் பண்ணுகிறவர்களைச் சோதித்துப் பார்த்து, 1975-ல் ஒரு புத்தகம் எழுதினார். இருதயத் துடிப்பும் மூச்சும் தணிகிறது, சரீரம் செலவழிக்கும் பிராணவாயு குறைகிறது என்று கண்டார். அதோடு நிற்கவில்லை. இதற்குத் தனி மந்திரம் தேவையில்லை, "ஒன்று" என்ற எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் இதே பலன் வரும் என்றார்.

இது நமக்குப் புதிதா? தூளியை ஆட்டி "ஆராரோ" பாடுகிற தாய்க்குத் தெரியும். "ஏலேலோ" போட்டு வலை இழுக்கிறவர்களுக்குத் தெரியும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் நாள் முழுக்க உளி தட்டுகிற சகோதரனுக்கும் தெரியும். ஒரே தாளத்தில் மனம் தங்கிவிடும். கர்த்தர் நம் சரீரத்தை அப்படிப் படைத்திருக்கிறார்.

ஆகவே அந்தத் தம்பிக்கு வந்த அமைதி பொய் அல்ல. அது சரீரத்தின் அமைதி. ஆனால் பிரியமானவர்களே, இதே வாள் நம் பக்கமும் வெட்டும். நாம் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லி முடித்தவுடன் நெஞ்சு லேசாகிறதே, அதுவும் பாதி சரீரத்தின் அமைதியாக இருக்கலாம் அல்லவா? லேசாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும், "ஆவியானவர் வந்துவிட்டார்" என்று நாம் சொல்லிவிட முடியாது.

என் காரியத்தையே சொல்லுகிறேன். உபவாச ஜெபத்தில் ஸ்தோத்திர பலி புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல, சபை சொல்லும். ஒருநாள் அறுநூறு தாண்டும்போது கவனித்தேன். வாய் ஸ்தோத்திரம் சொல்லுகிறது, மனசு கரண்ட் பில்லைக் கணக்குப் போடுகிறது! முடித்தபோது ஜனங்கள் "நல்ல அபிஷேகம் பாஸ்டர்" என்றார்கள். வெட்கமாய்ப் போய்விட்டது.

வேதம் எதைத் தடுக்கிறது?

மத்தேயு 6:7-ஐ எடுத்து, "திரும்பச் சொல்லுவதே தப்பு" என்பார்கள். கவனமாக வாசியுங்கள். அதிக வசனிப்பினால்தான் ஜெபம் கேட்கப்படும் என்று நினைக்கிறதை ஆண்டவர் தடுக்கிறார். அடுத்த வசனத்திலேயே, நாம் கேட்பதற்கு முன்னமே பிதா அறிந்திருக்கிறார் என்கிறார். அப்படியானால் தப்பு எண்ணிக்கையில் இல்லை, எண்ணிக்கையை வைத்துப் பிதாவோடு பேரம் பேசுகிறதில் இருக்கிறது.

கெத்செமனேயில் நம் இரட்சகரே மூன்றாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபம்பண்ணினாரே (மத். 26:44)! 136-ம் சங்கீதத்தில் 26 வசனம். இருபத்தாறிலும் கர்த்தருடைய கிருபையைக் குறித்த ஒரே பல்லவி. வெளிப்படுத்தல் 4-ல் ஜீவன்கள் பரிசுத்தர் என்ற ஒரே சொல்லை இரவும் பகலும் ஓய்வில்லாமல் சொல்லுகின்றன. எரிகோ வழியில் பர்திமேயுவை அதட்டினார்கள்; அவன் அதையே இன்னும் சத்தமாய்ச் சொன்னான்.

மறுபக்கமும் இருக்கிறது. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும் ஒரே கூப்பாடு. எபேசுவில் ஜனங்கள் இரண்டு மணி நேரம் தியானாளின் பேரையே கத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் அநேகருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியவில்லையாம் (அப். 19:32). இப்படிப்பட்ட கூட்டம் நம் சபையிலும் சில ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதேயுங்கள்.

யோசுவா 1:8-லும் சங்கீதம் 1:2-லும் தியானத்தைக் குறித்து வருகிற எபிரெய வார்த்தை "ஹாகா". அதற்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்றும் அர்த்தம். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (ஏசா. 31:4), புறா முனகுவதற்கும் (ஏசா. 38:14) அதே வார்த்தைதான். எனவே வேதத்தின் தியானத்தில் வாய்க்கும் வேலை உண்டு. ஆனால் அந்த வாயில் வெறும் ஓசை இல்லை, கர்த்தருடைய வசனம் இருக்கிறது. சிங்கம் காரணமில்லாமல் உறுமவில்லை. அதன் கையில் இரை இருக்கிறது!

ஆதி நாட்களிலிருந்தே கிறிஸ்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். எகிப்தின் வனாந்தரத் துறவிகளிடம் கற்ற காசியான் என்பவர், சகாயம் செய்யத் தீவிரியும் என்று கேட்கிற 70-ம் சங்கீதத்தின் முதல் வசனத்தை நாள் முழுக்கச் சொல்லச் சொன்னார். அது ஐந்தாம் நூற்றாண்டு. நம் தமிழ்நாட்டில் குளித்தலை அருகே காவேரிக் கரையில் 1950-ல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனம் என்ற ஆசிரமத்தை ஆரம்பித்து, இந்தத் தேசத்துத் தியான முறைகளைக் கிறிஸ்தவ ஜெபத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள். ஜான் மெயின் என்ற துறவி, மலாயாவில் ஒரு இந்து சுவாமியிடம் மந்திரத் தியானத்தைக் கற்றுக்கொண்டு, பிற்பாடு "மாரநாதா" என்ற அரமேயச் சொல்லை அப்படியே திரும்பச் சொல்லும்படி போதித்தார். அந்தச் சொல்லின் பொருளையும் யோசிக்க வேண்டாம், சத்தத்தை மட்டும் கேளுங்கள் என்பதுதான் அவர் முறை.

இங்கேதான் எனக்கு இடறுகிறது. மாரநாதா என்பது "ஆண்டவரே வாரும்" என்கிற கூப்பிடுதல். ஒருவரை "வாரும்" என்று அழைத்துவிட்டு, அழைத்ததின் பொருளை எண்ணாமல் ஓசையில் தங்கினால், வாசலில் நிற்கிறவர் யார்? குழந்தை "அம்மா, அம்மா, அம்மா" என்று பத்துத்தரம் கூப்பிடுகிறது. அது மந்திரமா? இல்லை. அம்மா வரவேண்டும் என்பதற்காகக் கூப்பிடுகிறது. அதே "அம்மா" என்ற சொல்லை அம்மாவை நினைக்காமல், நெஞ்சு படபடப்பு அடங்க ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தால், சொல் ஒன்றுதான், ஆனால் காரியம் வேறு. நாமத்தைக் கூப்பிடுகிறது ஒன்று. நாமத்தைக் கருவியாக்குகிறது வேறொன்று.

நம் செங்கல்பட்டு வழியாய் மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்திப் போகிற ஜனங்களை நான் கேலி பண்ணமாட்டேன். அவர்களிலும் மனம் உருகிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஜீவனுள்ள தேவனைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வெறும் ஓசை எழுப்பினால், அவர்கள்முன் நாமல்லவா தலைகுனிய வேண்டும்?

படகில் தூங்கின இரண்டு பேர்

வேதத்தில் புயலுக்குள்ளே படகில் தூங்கின இரண்டு பேர் உண்டு. ஒருவர் நம் ஆண்டவர் (மாற்கு 4:38). இன்னொருவன் யோனா (யோனா 1:5). வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அமைதி. ஒருவர் பிதாவை நம்பித் தூங்கினார். மற்றவன் பிதாவுக்கு ஒளித்து ஓடித் தூங்கினான். யோனாவுக்கு அந்த நேரம் வேண்டியது அமைதி அல்ல, யாராவது தட்டி எழுப்புவதே!

மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். பல்லவர் காலத்தில் செதுக்கினது. அதில் கீழே ஒரு பூனை, கைகளை மேலே தூக்கித் தவம் பண்ணுகிறது. சுற்றிலும் எலிகள். பூனை அசையவில்லை. எவ்வளவு அமைதி! ஆனால் எலிகளைக் கேட்டால் அல்லவா அந்த அமைதியின் அர்த்தம் தெரியும்?

அப்படியே, வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு ராத்திரி ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லி நன்றாய்த் தூங்குகிற விசுவாசி உண்டு. அண்ணனோடு பத்து வருஷம் பேசாமல், அந்நிய பாஷையில் கண்ணீரோடு ஜெபித்து லேசாகிப் போகிற சகோதரி உண்டு. மனசாட்சி குத்தும்போது அதை ஸ்தோத்திரத்தால் அமுக்கக்கூடாது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் ஆண்டவர் (மத். 5:23, 24). சில அமைதியின்மை கர்த்தரே அனுப்பினது. அதற்கு மருந்து கீழ்ப்படிதல்.

அந்தத் தம்பிக்கு நான் இதைத்தான் சொன்னேன். "தம்பி, உன் சரீரம் அடங்கினது நிஜம். ஆனா அந்த அமைதி உன்னை யார்கிட்ட கொண்டுபோச்சு? படபடப்பு எதனால வந்துச்சுன்னு கேட்டியா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, வீட்டுக்குத் தெரியாமல் வாங்கின கடனைப் பற்றிச் சொன்னான். அன்றைக்கு இரண்டு பேரும் ஸ்தோத்திரம் எண்ணவில்லை. கடன் கணக்கைத்தான் எழுதினோம். அதுவும் ஒரு ஜெபம்.

சகோதரிக்குச் சொன்னது

அந்தத் தாயிடம், "அம்மா, நீங்க பண்ணது பாவம் இல்ல" என்றேன். அழுதுவிட்டார்கள். நம் சபையார் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தை அவர்களுடைய தூக்கத்தைப் பறித்ததற்காக நான் மன்னிப்புக் கேட்டேன். டாக்டரைப் பார்க்கவும் சொன்னேன். தூக்கத்துக்கு மருந்து சாப்பிடுகிறது அவிசுவாசம் அல்ல.

பிறகு மெதுவாய் ஒன்று கேட்டேன். "அம்மா, ஸ்தோத்திரம் சொல்றீங்க சரி. பையனைப் பத்தி ஆண்டவர்கிட்ட எப்பவாவது பேசினீங்களா?" வெகுநேரம் மௌனம். "இல்ல ஐயா. கேட்டா கோவம் வந்துடுமோன்னு பயம். அவருக்கில்ல, எனக்கு."

இருபது வருஷமாய் அந்த ஸ்தோத்திரம் கடல் சத்தத்தை மூடியிருந்தது. அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நொறுங்கின மனசுக்கு அது ஒரு போர்வை. நம் பிதா அந்தப் போர்வையைப் பிடுங்குகிறவர் அல்ல. ஆனால் போர்வைக்குள்ளே இருக்கிற பிள்ளையையும் அவர் கேட்கிறார். "ஏன் ஆண்டவரே?" என்று கேட்கிற சங்கீதங்கள் எத்தனை! அவைகளையும் ஆவியானவர்தானே எழுதுவித்தார்?

இப்பொழுது அவர்கள் முதலில் மகன் பேரைச் சொல்லி, மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டு, அப்புறம் ஸ்தோத்திரம் சொல்லுகிறார்களாம். "சில நாள் நாப்பதுலயே தூங்கிடறேன் ஐயா. சில நாள் தூக்கமே வரல, விடியறவரைக்கும் பேசிட்டிருக்கேன்" என்றார்கள். புளியங்கொட்டை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

அன்பானவர்களே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள். நூறு சொல்லுங்கள், ஆயிரம் சொல்லுங்கள். ஆனால் ஒவ்வொரு பத்துக்கும் ஒருதரம் நின்று, "அப்பா, உம்மிடத்தில்தான் பேசுகிறேனா?" என்று கேளுங்கள். ஒப்புரவாக வேண்டியவர் ஞாபகத்துக்கு வந்தால், எண்ணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போங்கள். மீதி ஸ்தோத்திரத்தை வழியிலே சொல்லலாம்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் வாயின் சத்தத்துக்குள்ளே நாங்கள் ஒளிந்துகொள்ளாதபடி காத்துக்கொள்ளும். தூங்கமுடியாத உம்முடைய பிள்ளைகளோடு இந்த இரவிலே விழித்திரும். யோனாவைப்போல் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென். அல்லேலூயா!