சீட்டில்லாத வலி

விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த ஆண்டில், இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். காலையில் ரவை உப்புமா, இரவில் சப்பாத்தி போடும் நாட்களில் தனக்கு மட்டும் சோறு வேண்டும் என்றாள். கோதுமை சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்கிறது, இரண்டு நாள் தலை நிமிர்த்த முடியவில்லை என்றாள். நான் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர் சீட்டு இருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தகுதி இருந்ததாகவே அன்று நினைத்தேன். என்னிடம் சீட்டு இருந்தது.

அந்தச் சீட்டு கைக்கு வர எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மகள் பிறந்ததிலிருந்து ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. வாயில் ஓயாத புண். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதானே" என்றார்கள். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஆண்டுகளில்தான் மாமாவுக்குச் சர்க்கரை வந்து எங்கள் வீட்டு இரவு உணவு சப்பாத்தியாக மாறியது. தேய்த்தவள் நான். எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சிய, விறைத்துப்போன சப்பாத்திகளைத் தின்று தீர்த்தவளும் நான்தான்.

41 வயதில் ஒரு மருத்துவர் வேறு மாதிரி கேட்டார். இத்தனை வருடம் மாத்திரை தின்றும் இரும்பு ஏறவில்லையென்றால், குடல் அதை வாங்கிக்கொள்கிறதா? ரத்தத்தில் எதிர்பொருள் சோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி, சிறுகுடலிலிருந்து கிள்ளியெடுத்த துளிச்சதை. சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடலின் பாதுகாப்புப் படை என் குடலையே தாக்குகிறது. உணவின் சத்தை வாங்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்தத் தானியங்களை விலக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. 2016இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, 23,000க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தது. நோயைக் காட்டும் எதிர்பொருள் வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கில் உண்டது 25 கிராம். ஆக, தமிழ்நாட்டு மருத்துவருக்கு இந்த நோய் சட்டென்று தோன்றாமல் போவதை மன்னிக்கலாம். ரத்தசோகையைப் பெண்ணின் இயல்பு என்று நினைத்ததை எந்த ஆய்வை வைத்து மன்னிப்பது?

சீட்டு வந்த அன்றே வீடு மாறிவிட்டது. "ஒரு வாய் தின்னா செத்தா போயிருவ?" என்று கேசரிக் கிண்ணத்தை நீட்டிய அத்தை, அதே கையால் எனக்கென்று தனித் தோசைக்கல் எடுத்துவைத்தார். கணவர் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர்களுக்கு விளக்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் என் வாய் சொன்னதை அந்தக் காகிதம் ஒரே முறை சொல்லி முடித்தது. நன்றியும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சலை விழுங்கிவிட்டு லேபிள் படிக்கக் கற்றுக்கொண்டேன். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, அரிசி எல்லாம் நண்பர்கள். எதிரி எதிர்பாராத இடத்தில் இருந்தான்: பெருங்காய டப்பாவில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று எல்லா வழியிலும் அது வரும்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியதுதான். உடலுக்கு ஒவ்வாததை விலக்கச் சொல்வதைப் பதினைந்து ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். யார் வீட்டில், யார் பரிமாறும் இலையில், எந்த மருமகளால் அப்படி விலக்க முடியும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மாணவியிடம் சீட்டு இல்லை. முதலாமாண்டிலேயே தானாகக் கோதுமையை விட்டுவிட்டாள். உப்புமா நாட்களில் வாழைப்பழம் தின்றாள். விட்டபின் சோதித்தால் ரத்தத்தில் எதிர்பொருள் தெரியாமல் போகலாம். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஆறு வாரம் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச்சொன்னார்களாம். "செமஸ்டர் வருது மேடம்" என்றாள். "சாப்பிட்டுப் பாரேன், தெரிஞ்சிரும்ல" என்றேன். நம்ப வேண்டுமானால் இன்னொரு முறை நோகச் சொன்னேன். மூன்று வாரம் சாப்பிட்டாள். முடியாமல் நிறுத்தினாள்.

அவளுக்குச் சீலியாக் இல்லாமலும் இருக்கலாம். அது இல்லாமலே கோதுமையால் அவதிப்படுகிறவர்கள் உண்டு, அதை உறுதிசெய்ய எந்தச் சோதனையும் இன்றுவரை இல்லை. 2018இல் வெளிவந்த நார்வே ஆய்வொன்றில், அப்படித் தங்களுக்குக் குளூட்டன் ஒவ்வாது என்று சொன்ன 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறதென்று சொல்லாமல் தின்பண்டம் கொடுத்தார்கள். குளூட்டனைவிட ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தே அதிகத் தொல்லை கொடுத்தது. கோதுமையில் மட்டுமல்ல, வெங்காயத்திலும் பூண்டிலும்கூட அது இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, 'பார், எல்லாம் மனப்பிரமை' என்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. வலி இருக்கிறது, அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தவறாக இருக்கலாம்.

சோதிக்கச் சொன்னது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. தானாகவே ஒன்றை விலக்கிவிட்டுச் சும்மா இருந்தால் வேறு நோய் மறைந்து கிடக்கும். போதாததற்கு, மெலிவதற்கான வழி என்று 'குளூட்டன் இல்லாத' பிஸ்கெட்டை மூன்று மடங்கு விலைக்கு நம் தலையில் கட்ட ஒரு சந்தையே காத்திருக்கிறது. என் தவறு வேறு. அவளுடைய வலிக்குக் காரணம் என்ன என்பது ஒரு கேள்வி. இன்றிரவு அவள் தட்டில் என்ன போடுவது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு விடை வரும்வரை இரண்டாவதை நான் பிடித்துவைத்தேன்.

இதில் எனக்கு வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. அதே ஆண்டு நான் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிலும் இருந்தேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணை முடிவதற்கு முன்பே, புகார் சொன்ன பெண் எழுதிக் கேட்டால் இடமாற்றமோ விடுப்போ பரிந்துரைக்கலாம் என்கிறது. உண்மை எது என்று அப்போது யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அதுவரை அவள் மேலும் நோகாமல் இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பிரிவைச் சக ஆசிரியர்களுக்கு உரக்க விளக்கியவள், ஒரு கரண்டிச் சோற்றுக்குச் சான்று கேட்டிருக்கிறேன்.

'ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்' என்பதும் என் வாதமாக இருந்தது. கேட்டால்தான் என்ன? சமையற்கட்டில் பணியாளர்களுக்கென்று தினமும் சோறு வடித்தார்கள். அதிலிருந்து சமையல்கார அக்கா அவளுக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைத்திருக்கிறார், பின்வாசல் வழியாக. எனக்குத் தெரிந்தால் திட்டுவேன் என்று ஒளித்துச் செய்திருக்கிறார். ஆண்டுக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் விடுதியைக் காலிசெய்து, வெளியே அறை எடுத்துவிட்டாள். அந்த வாடகையை அவள் அம்மா எப்படிக் கட்டினார் என்று நான் விசாரிக்கவில்லை.

போன தீபாவளிக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேலையில் இருக்கிறாளாம், தனியாகச் சமைக்கிறாளாம். "மேடம், பெருங்காயத்துல கோதுமை மாவு கலக்குறாங்க, தெரியுமா? இப்பதான் பாத்தேன். ஹாஸ்டல்ல அக்கா ஒளிச்சுக் குடுத்த சோத்துலயும் சாம்பார்தான ஊத்திச் சாப்பிட்டேன். அதான் அப்பவும் சரியாகல போல."

எனக்குத் தெரியும். அவள் என் வாசலில் வந்து நின்ற அன்றும் தெரிந்திருந்தது.